மொசைக் கற்கச் சான்றிதழ் எதற்கு?

வெளிநாட்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிறு ஓட்டுத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யும் மொசைக் கலையைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசை. இருப்பது வாடகை வீடு, இந்த ஊர் மொழியும் அரைகுறைதான். விளம்பரத்தில் பார்த்த இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தால் முழுக் கருவிப் பெட்டியும் கடைசியில் சான்றிதழும் தருவார்களாம். சேரலாமா?"

வேண்டாம். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இப்படி வேண்டாம்.

இத்தாலியில் ஸ்பிலிம்பெர்கோ என்ற ஊரில் 1922 முதல் ஒரு மொசைக் பள்ளி நடக்கிறது. அங்கே முழுப் படிப்பு மூன்று வருடம். இரண்டு நாள் வகுப்பில் தரும் காகிதத்தை எந்தப் பட்டறையும் மதிக்காது. அப்படிப்பட்ட விளம்பரங்களில் பலவும் இடைத்தரகர்கள் போடுவது. சொல்லிக்கொடுப்பவர் வேறு ஒருவர், அவருக்குப் போய்ச் சேருவது சொற்பம். பெட்டிக்குள்ளும் பாதிக்கு மேல் ஏற்கனவே வெட்டிய சில்லுகள்தான். ஒட்டுவதை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்புவீர்கள். இந்தக் கலையின் உயிரே வெட்டுவதில் இருக்கிறது, அதைத் தொடாமலேயே வகுப்பு முடிந்துவிடும். புதிதாக வருபவர்களின் ஆர்வத்தை இப்படிக் காசாக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பணம் கட்டும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: சொல்லிக்கொடுப்பவர் யார், அவர் செய்த வேலையைப் பார்க்கலாமா, நானே ஓடு வெட்டுவேனா? பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

கருவி என்று பார்த்தால், இரண்டு சிறு சக்கரங்களுக்கு நடுவே ஓட்டைக் கடித்து வெட்டும் சக்கர நிப்பர் ஒன்று போதும். ஒரு பக்கம் மழுங்கினால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி முடுக்கிக்கொள்ளலாம். கூடவே கண்ணாடிச் சில்லு கண்ணில் தெறிக்காமலிருக்க ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. 20 மி.மீ. சதுரக் கண்ணாடி ஓடுகளை வாங்கி முதலில் இரண்டாக, பிறகு நான்காக வெட்டிப் பழகுங்கள். சுத்தியலும் உளியும் வைத்து வெட்டும் பழைய முறை அழகானதுதான், ஆனால் அடுக்குமாடி வீட்டுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

அடுத்தது பசை. மொழி தெரியாதவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மூட்டை முழுக்கப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், வேண்டிய ஒரு வரி மட்டும் கண்ணில் படாது. அதை எல்லாருக்கும் தெரிகிற அளவில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பல நாடுகளில் ஓடு ஒட்டும் பசைக்கு ஒரு குறியீடு இருக்கிறது. 'சி' (C) என்றால் சிமென்ட் பசை, 'டி' (D) என்றால் கலந்தே வரும் வாளிப் பசை, 'ஆர்' (R) என்றால் எபாக்சி போன்ற பிசின். சி-க்குப் பக்கத்தில் 2 என்று இருந்தால் 1-ஐவிடப் பிடிப்பு அதிகம். வெள்ளை நிற 'சி2' வாங்குங்கள். ஒளி ஊடுருவும் ஓட்டில் சாம்பல் நிறப் பசை பின்னாலிருந்து தெரிந்து நிறத்தைக் கெடுத்துவிடும். வாளிப் பசையைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். அது காற்றில் காய வேண்டியது, கண்ணாடியோ ஈரத்தை வெளியே விடாது. அதனால் அடியில் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, மரவேலைக்கான வெள்ளைப் பசை. வீட்டுக்குள் சுவரில் மாட்டும் படத்துக்கு, மரப்பலகை மேல், தண்ணீரே படாத இடத்தில் அது போதும். குளியலறைக்கு ஆகாது, பால்கனிக்கும் ஆகாது. "மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன்" என்றாலும் ஆகாது. ஈரம் ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்கும், பலகை உப்பும், பசை இளகும், ஓடு ஒவ்வொன்றாக உதிரும். ஈரம் படும் இடமென்றால் அடியில் சிமென்ட் பலகை, மேலே சிமென்ட் பசை.

வாடகை வீடு என்பதால் சுவரில் நேரடியாக எதையும் ஒட்டாதீர்கள், முன்பணம் போய்விடும். 30 செ.மீ. சதுரப் பலகையில் செய்யுங்கள். கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், பலகையும் பூச்சும் தனி. ஊர் திரும்பும்போது பெட்டியின் எடைக்கு அதுவே எல்லை. நிப்பரைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

வெட்டிய தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இடுக்குகளை அடைக்கும் க்ரௌட் பொடியைக் கலக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் சிமென்ட் தோலை அரிக்கும். அப்புறம், கை கழுவிய க்ரௌட் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். குழாய்க்குள் தண்ணீருக்கு அடியிலேயே அது இறுகிவிடும். ஒரு வாளியில் ஓரிரவு தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.