வெண்கழுத்து ஜாக்கோபின்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: அண்ணா, நீங்கள் போட்ட படத்தில் இருப்பது எங்கள் ஊர்த் தேன்சிட்டுதானே? செம்பருத்தியில் தினமும் பார்க்கிறேன்.

ப: இல்லை தம்பி. படத்தில் இருப்பது வெண்கழுத்து ஜாக்கோபின், ஹம்மிங்பேர்டு, அதாவது ஓசனிச்சிட்டு வகையில் ஒன்று. ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. உங்கள் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். இது அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும்.

கே: எப்படி அடையாளம் காண்பது, எங்கே இருக்கும்?

ப: ஆண் என்றால் தலையும் மார்பும் மினுமினுக்கும் நீலம், முதுகு பச்சை, வயிறும் வாலும் வெள்ளை வெளேர், பிடரியில் ஒரு வெள்ளைப் பட்டை. நீளம் 11, 12 செ.மீ.தான். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வழியாக பிரேசில் வரை ஈரமான தாழ்நிலக் காடுகளில் இருக்கும், ட்ரினிடாடிலும் உண்டு. பெண்ணுக்கு மேலே பச்சை, தொண்டையில் செதில் செதிலாகப் புள்ளிகள். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கே: ஏன் சார் அப்படி?

ப: இந்தப் பறவையை எனக்கு இவ்வளவு பிடிக்கக் காரணமே இதுதான். வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அப்படியே ஆண் போலவே இருக்கும். பனாமாவில் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள்: குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவைகள் ஆணோ பெண்ணோ எல்லாமே ஆண் நிறத்தில்தான் இருக்கின்றன, அப்புறம் பெரும்பாலான பெண்கள் மங்கிய நிறத்துக்கு மாறிவிடுகின்றன, சில மட்டும் மாறுவதே இல்லை. துணை தேடவோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, பாடம் செய்த பறவைகளை வைத்துப் பார்த்தபோது ஆண்கள் மங்கிய நிறப் பெண்ணைத்தான் நாடின. மங்கிய நிறப் பெண்களைத்தான் மற்றவை அதிகம் துரத்துகின்றன. ஆண் நிறப் பெண்ணுக்கு அந்தத் தொல்லை குறைவு, அதனால் சர்க்கரைத் தண்ணீர் வைத்த தீனிக் குடுவைக்கு அடிக்கடி வந்து நிம்மதியாகக் குடிக்க முடிகிறது. நொடிக்கு நொடி சக்தியைச் செலவழிக்கும் உடம்புக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

கே: தேன் மட்டும்தான் சாப்பாடா?

ப: பூச்சியும் வேண்டும், பறந்துகொண்டே பிடிக்கும்.

கே: கூடு?

ப: அகன்ற இலையின் மேல் சின்னக் கிண்ணம் மாதிரி, கூரைபோல மேலே இன்னொரு இலை. முட்டை இரண்டு. அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் தாய் மட்டுமே, ஆண் எட்டிக்கூடப் பார்க்காது.