டெல்டாவில் விவசாய வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு மக்களின் சோம்பேறித்தனம்தான் காரணமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "நூறு நாள் வேலை, இலவச அரிசி, மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாம் வந்த பிறகு காவிரி டெல்டாவில் நடவுக்கும் களைக்கும் ஆளே கிடைப்பதில்லை. கூலி வேலையைக் கேவலமாக நினைத்து மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா?"

இல்லை என்பதுதான் என் பதில். வெளியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே, சொந்த நிலம் கொஞ்சம் குத்தகை கொஞ்சம் என்று சம்பாவும், குறுவைக்குப் பிறகு போடும் தாளடியும் பார்க்கிறவன் நான். நடவுக்கு ஆள் வராமல் நாற்று முற்றிப் போனால், பிறகு நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனாலும் டீக்கடையில் "இலவசத்தால் கெட்டுப்போயிட்டானுங்க" என்று யாராவது ஆரம்பித்தால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

முதலில் பணக் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தது. மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளுக்கு 33 ரூபாய். அதை நம்பி ஒரு பெண் 300 ரூபாய் கூலியை வேண்டாம் என்று வீட்டில் உட்காருவாளா? ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம், சரி. அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாதே. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதுவும் அளந்து பார்த்துத்தான் தருவார்கள், பல இடங்களில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் அந்தப் பணமே மாதக்கணக்கில் வராமல் கிடந்தது. எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது தாண்டிய பெண்கள். ஒரு நாள் முழுக்க சேற்றில் குனிந்து நிற்க இடுப்பு இடம் கொடுக்காதவர்கள். அவர்களை வயலுக்கு வரவில்லை என்று குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தத் திட்டத்தால் எந்த மாற்றமும் வரவில்லை என்றும் சொல்லமாட்டேன். முதல் கட்டமாக 2006-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் வந்தது. "இந்தக் கூலிக்கு இஷ்டமிருந்தா வா, இல்லாட்டி போ" என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில், "சரி, போறேன்" என்று சொல்லும் தைரியம் பெண்களுக்குக் கொஞ்சம் வந்தது. எங்களுக்குச் செலவு கூடியது உண்மை. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது மட்டும் பொய்.

சோம்பேறி என்று இங்கே திட்டு வாங்கிய அதே பையன் திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறான். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை, ஒன்பதுக்குத்தான் அறைக்கு வருகிறான். இன்னொருவன் கேரளாவில் கட்டட வேலை செய்கிறான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி விவசாயக் கூலி கேரளாவில் ஆண்களுக்குச் சராசரியாக நாளுக்கு 764 ரூபாய், நாடு முழுவதற்குமான சராசரி 345. அங்கே வெயில் குறைவு என்றா போகிறார்கள்?

இவர்கள் எப்போது ஊரைவிட்டுப் போனார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. போர்வெல் வைத்திருந்தவர்கள் எப்படியோ குறுவை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், போட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. அங்கே குறுவை என்ற ஒரு பருவமே ஆண்டுக்கணக்கில் இல்லாமல் போனது. குறுவை இல்லையென்றால் நாற்றுப் பறிப்பு இல்லை, நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். ஏக்கரே இல்லாதவர்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? நூறு நாள் வேலையை நூற்றைம்பது நாளாக்குகிறோம் என்பதுதான். இன்று நாம் குறை சொல்கிற அதே வேலைதான் அன்று அவர்களுக்கு மிச்சமிருந்தது. அடுத்து 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறி தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தோப்பு வேலையும் போயிற்று. அந்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிய குடும்பங்களில் பல அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டன. 2020-லிருந்து தண்ணீர் மறுபடி ஓரளவு நேரத்துக்கு வந்தது. ஆட்கள் வரவில்லை. நாம் வேலை கொடுக்காத காலத்தில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அப்போது எத்தனை பேர் கேட்டோம்?

அதற்கும் முன்னால் அறுப்பு மெஷின் வந்துவிட்டது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் என் பார்வையில் இதுதான் பெரிய மாற்றம். கையால் அறுத்த காலத்தில் அறுப்புக்கூலி நெல்லாக வரும். குடும்பத்தோடு அறுத்து, கட்டுக்கட்டி, களத்தில் அடித்துச் சேர்த்த நெல் பல மாதச் சாப்பாட்டுக்கு ஆகும். ஆண்டிலேயே நல்ல வருமானம் அதுதான். இப்போது சேலம், ஆத்தூர் பக்கமிருந்து மெஷின் வருகிறது. ஈரமான வயல் என்றால் செயின் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. ஏக்கரை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். மழை மிரட்டும்போது நானும் மெஷினைத்தான் கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் போனது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். ஆள் அறுத்தால் முளைத்த பயிர் தப்பிக்கும். மெஷின் ஏறினால் நசுங்கிப் போகும். அதனால் பலர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். பங்குனியில் உளுந்து பறிக்கப் போன பெண்களுக்கு அந்த வேலையும் இல்லை. குடவாசல், நன்னிலம் பக்கம் கோடைப் பருத்தி இருக்கிறது, அங்கே பஞ்செடுக்கப் போகிறார்கள். எல்லா ஊரிலும் அது கிடையாது.

ஆக, ஒரு போக ஊரில் இன்று வயல் வேலை என்பது நடவும் களையும்தான். எல்லாம் சேர்த்தால் ஒன்று, ஒன்றரை மாதம் வரும். அந்த ஒன்றரை மாதத்துக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் ஆள் கேட்கிறோம். மீதிப் பத்து மாதம் யாரும் கேட்பதில்லை. ஒரு மனுஷி இதை நம்பி எப்படி ஊரில் இருப்பார்?

இன்னொரு விஷயம் மரியாதை. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இந்த மண்ணில் கூலி என்பது வெறும் பணமாக இருந்ததே இல்லை. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் இந்தப் பக்கம் வந்து சங்கம் கட்டியபோது எதிர்த்தது, பண்ணையாட்களைச் சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையையும் சவுக்கடியையும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதற்குப் பிறகும், கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தகராறின் முடிவில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. அதெல்லாம் பழைய கதை என்று நாம் நினைக்கிறோம். தலித் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது பாட்டி, தாத்தாவின் கதை. இன்றும் பதினைந்து வயதுப் பையன் வரப்பில் நின்றுகொண்டு அறுபது வயது அம்மாவைப் பேர் சொல்லி "ஏ" என்று கூப்பிடுகிற ஊர்கள் இருக்கின்றன. எங்கள் வயலுக்கு நடவுக்கு ஆள் கூட்டி வரும் அக்காவின் மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். ஊரிலேயே இருந்து டிராக்டர் ஓட்டலாமே என்று கேட்டேன். "அண்ணே, கம்பெனியிலயும் சூபர்வைசர் திட்டுவான். ஆனா எங்க தெருவச் சொல்லித் திட்ட மாட்டான்" என்றான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னான்.

வேலையைக் கேவலமாக நினைப்பது அவர்கள் இல்லை. சேற்றில் இறங்குகிறவரைக் கீழாக நடத்திவிட்டு, "நீ இதைக் கேவலமாக நினைக்கிறாயே" என்று அவரையே கேட்கிறோம்.

இப்போது மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆட்கள் வருகிறார்கள். பத்து, பதினைந்து பேராக வந்து ஏக்கர் கணக்கில் பேசிக்கொண்டு வேகமாக நட்டு முடிக்கிறார்கள். நேர்த்தியான வேலை, பாராட்டத்தான் வேண்டும். "அவனைப் பாரு, நம்மாளு ஏன் இப்படி இல்லை" என்று ஒப்பிடுவதுதான் தப்பு. அவர் தன் ஊரில் கிடைக்கிற கூலி போதாமல் இவ்வளவு தூரம் வந்து மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். நம் பையன் கேரளாவுக்குப் போவதும் அதே காரணத்துக்குத்தான். வங்கத்தில் கூலி ஏறினால் இவரும் வரமாட்டார்.

விவசாயி பக்கமும் பேசவேண்டும், நானும் அதில்தான் இருக்கிறேன். நெல் குவிண்டாலுக்கு 2025-26-ல் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதா ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். உழவு, உரம், மருந்து, மெஷின் வாடகை, குத்தகை எல்லாம் போனால் ஏக்கருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்தால் அதுவும் போச்சு. உரக்கடையில் பேரம் பேச முடியாது, டீசலில் முடியாது. பேரம் பேச முடிகிற ஒரே இடம் கூலி ஆள்தான் என்பதால் எல்லா நெருக்கடியும் அவர் தலையில் இறங்குகிறது. விலை கட்டுபடியாகாமல் கூலி மட்டும் உயராது என்று விவசாயச் சங்கங்கள் சொல்வது சரி. அந்தப் போராட்டத்தில் கூலி ஆளும் நம் பக்கம் நிற்க வேண்டியவர், எதிர்ப்பக்கம் இல்லை.

எனக்கு ஆள் கிடைக்கிறதா என்றால், முழுசாக இல்லை. ஒரு பகுதியை நேரடி விதைப்புக்கு மாற்றிவிட்டேன், அதில் களை அதிகம். நடவு வைக்கிற வயலுக்குத் தேதியை முன்கூட்டியே அந்த அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். லோடு ஆட்டோ அனுப்புகிறேன். மதியம் வேலை முடிந்ததும் கையில் பணம், அடுத்த வாரம் என்ற பேச்சே கிடையாது. யாராக இருந்தாலும் வாங்க, போங்கதான். எங்கள் பக்கம் ஆணுக்கு 600, 700 கொடுத்துவிட்டு நடவுப் பெண்ணுக்கு அதில் பாதிதான் கொடுக்கிறார்கள். நேரம் குறைவு என்று காரணம் சொல்வார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நான் நேரத்தைக் கணக்குப் போட்டு, ஆணுக்கு மணிக்கு என்ன வருகிறதோ அதையே பெண்ணுக்கும் தருகிறேன். இதனால் செலவு கூடுகிறது. ஆனால் சொன்ன நாளில் ஆள் வருகிறார்கள்.

கடைசியாக, நூறு நாள் திட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தைப் பற்றி. வேலை நாளை 125 ஆக்கியிருக்கிறார்கள், விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பலர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கவலைதான். திருவையாற்றில் நடவு முடிகிற நேரத்தில் கடைமடைக்குத் தண்ணீரே வந்து சேர்ந்திருக்காது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதி வைத்தால், வயலில் வேலை தொடங்காத ஊரில் அந்த வேலையும் நின்றுவிடும். அறுப்புக்காக நிறுத்துவது இன்னும் அநியாயம், அறுப்பது மெஷின்தானே. பகுதிவாரியாகத் தனித்தனி அறிவிப்பு வெளியிடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, எந்த நாட்களில் நிறுத்துவது என்பதைக் கிராமசபையில் அந்தப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். எங்கள் ஊர்க் கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி நானும் அந்த அக்காவும் பேசிக்கொண்டிருக்கிறோம்.