'மெஷின்ல போட்டு இழுக்காதீங்க' என்று அப்பா எழுதி வைத்தால் செல்லுமா?

74 வயது அப்பா திடமாக இருக்கும்போதே, இனி தேற வழியில்லை என்ற நிலை வந்தால் எந்தெந்த சிகிச்சை வேண்டாம் என்று 'லிவிங் வில்' எழுதி வைக்கப் பார்க்கிறார், அம்மா அபசகுனம் என்கிறார், சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லும். 2018 மார்ச்சில் காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அது நடக்கிற காரியமா? 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் இருந்து, நோட்டரியோ கெஜடெட் ஆபீசரோ சான்றளித்தால் போதும்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் போனபோது நோட்டரி அதைச் சொத்து உயில் என்றே நினைத்துக்கொண்டு "சர்வே நம்பர் எங்கம்மா?" என்று கேட்டார். அதனால் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

இதில் பலரும் பயப்படுகிற மாதிரி, எழுதிக் கொடுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்தியமே பார்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் இல்லை. டெங்குவோ நிமோனியாவோ வந்து நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர், அந்த மாதிரி நேரத்துக்கு இந்தத் தாள் பேசாது. இனி தேற வழியில்லை, அவராலும் முடிவெடுக்க முடியவில்லை என்ற நிலையில்தான் இது வெளியே வரும். அப்போதும் சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் ஒரு குழுவாகப் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு குழு பார்க்கும், அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் மட்டும் போகும்.

என்னைக் கேட்டால் தாளைவிட முக்கியம், அப்பாவால் முடியாதபோது அவருக்காக முடிவு சொல்ல அதில் யார் பெயரைப் போடுகிறீர்கள் என்பது. ஒன்றுக்கு மேற்பட்ட பெயரும் போடலாம். நம் வீடுகளில் மூத்த மகன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அவர் டல்லாஸிலிருந்து வீடியோ காலில் வந்து "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்பார், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் ஐசியூ வாசலில் வாயடைத்து நிற்பார். பாசம் யாருக்கு அதிகம் என்று பார்க்காதீர்கள், கூப்பிட்டால் ஓடி வரக்கூடியவராகவும் அத்தை மாமா திட்டினாலும் அப்பா சொன்னதை மாற்றாதவராகவும் இருக்கிறவரைப் போடுங்கள்.

'கஷ்டப்படுத்த வேண்டாம்' என்று மொட்டையாக எழுதாமல் ட்யூப் வழியாகச் சாப்பாடு, டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எங்கள் அம்மா "வலிக்கு மட்டும் ஊசி போடச் சொல்லு, அதை நிறுத்திடாதீங்க" என்று தானாகவே சேர்க்கச் சொன்னார்.

அப்புறம், உங்கள் அம்மாவிடம் வாதாட வேண்டாம். பேங்க் கணக்குக்கு நாமினி போடுகிற அன்றே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். அப்பா மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு நகல் குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும், பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.