கையைத் தளர்த்துங்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. கோவையில் வேலை. மூன்று மாதமாக வார இறுதியில் குதிரையேற்றம் பழகுகிறேன். மைதானத்தில் நன்றாகவே ஓட்டுகிறேன். போன வாரம் முதல்முறையாக வெளியே தோப்புப் பாதைக்குப் போனோம். வழியில் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்துக் குதிரை நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் நகரவில்லை. பயிற்சியாளர் வந்து இழுத்துப்போனார். அவமானமாக இருந்தது. சொந்தமாக ஒரு நல்ல குதிரை வாங்கிவிடலாமா? இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்கிறார் மனைவி.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணக்காரர் விஷயத்தை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். ‘எவ்வளவு உதைத்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கிற பிராணி அது. அதை எதற்கு ஐயா உதைக்கிறீர்கள்?

கடிதம் வந்த அன்று உதகையில்தான் இருந்தேன். இருபது வருஷத்துக்கு முன் நான் குதிரையேறிப் போன புல்வெளியைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அப்போது எனக்குக் கிடைத்தது ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. ஒரு சின்ன ஓடை, தாண்டினால் ஒரு எட்டு. அதன் முன்னால் நின்றுவிட்டது. குதிகாலால் உதைத்தேன். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கடிவாளத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அது தலையைத் தூக்கி, காதைப் பின்னால் மடித்து, பின்வாங்கத் தொடங்கியது. கூட வந்த குதிரைக்காரர், வயதானவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “போகச் சொல்றீங்களா சார், நிக்கச் சொல்றீங்களா?”

கையைத் தளர்த்தினேன். கழுத்து நீண்டது. மூக்கைத் தண்ணீர் வரை இறக்கி, நாசி விரிய மோந்து, ‘புர்ர்’ என்று ஊதியது. குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். ஏறக்குறைய சுற்று முழுவதையும் பார்க்கும். ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. காலடியில் கிடப்பதைச் சரியாகப் பார்க்க அது தலையை இறக்கியாக வேண்டும். நானோ தலையை இறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு, பார்க்க முடியாத ஒன்றைத் தாண்டச் சொல்லி உதைத்திருக்கிறேன். அப்புறம் ஒரே எட்டு. பிடரியைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் செய்ததும் இதேதான். உதைத்தபோது உங்கள் கை எங்கே இருந்தது? நெஞ்சோடு ஒட்டியிருக்கும். கடிவாளத்தின் இரும்பு அதன் வாய்க்குள் இருக்கிறது. உங்கள் விரல் இறுகுவது அதற்கு நாக்கில் தெரியும். ஏறியவன் பயந்தால் அதற்கும் பயம்தான். பயந்து ஓடியே பிழைத்த இனம் அது. அசையும் பை அதற்குப் பை இல்லை.

மைதானத்தில் நன்றாக ஓட்டுகிறேன் என்கிறீர்கள். அங்கே பாதி வேலையை வேலி செய்கிறது. வளைவில் வேலிதான் திருப்புகிறது, நாம் திருப்பியதாக நினைத்துக்கொள்கிறோம். வெளியே வேலி இல்லை. காற்று, நாய், சருகு, பை எல்லாம் உண்டு. அங்கேதான் நீங்கள் உட்காரும் விதமும் உங்கள் கையும் குதிரையோடு முதல்முறையாகப் பேசுகின்றன. நான் இத்தனை வருஷம் வெளியே போவது அதற்காகத்தான். இன்னொரு குதிரை வாங்கினாலும் அதே கையோடுதானே ஏறுவீர்கள்?

அடுத்த வாரம் அதே பாதைக்கு, அதே குதிரையில் போங்கள். ஹெல்மெட் கட்டாயம். குதிகாலை இறக்கி வையுங்கள். அது நின்றால் கடிவாளத்தை ஒரு சாண் தளர்த்திவிட்டு, மோந்து பார்க்கும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள். என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள்.