“தாக்கம்” எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஆய்வு முறையியல் கேள்வி பதில்

ஆய்வேடு ஒப்படைக்கும் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி புள்ளிவிபர மென்பொருளைப் பற்றியவை. மீதி, “அக்கா, தலைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்ற அழுகை. மென்பொருளை இந்த முறை விட்டுவிட்டேன். மாறி, கூற்று, ஏற்புடைமை என்று வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். மாறி என்றால் ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஒன்று: வயது, புள்ளி, போன் பார்க்கும் நேரம். ஏற்புடைமை என்றால் நீங்கள் சொல்வதைச் சொல்ல உங்கள் ஆய்வு இடம் தருகிறதா என்பது. ஏற்புடைமையை உங்கள் விரிவுரையாளர் தகுதி என்றோ செல்லுபடித்தன்மை என்றோ சொல்லியிருக்கலாம். வாய்ப்பேச்சில் எல்லோரும் வலிடிட்டி என்றுதான் சொல்கிறோம். சரி, தொடங்குவோம்.

கோண்டாவில், இறுதியாண்டு மாணவி: அக்கா, “யாழ்ப்பாண மாவட்ட மாணவர்களின் கல்வி அடைவில் கைபேசிப் பாவனை ஏற்படுத்தும் தாக்கம்” என்பது என் தலைப்பு. 120 பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்து முடித்துவிட்டேன். இப்போது வந்து “தாக்கம்” என்ற சொல்லை எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு சொல்லில் அப்படி என்ன இருக்கிறது?

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது, தங்கச்சி.

ஆய்வு ஒன்று கடைசியில் ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறது. அதுதான் கூற்று. தரம் 11 பிள்ளைகளில் இத்தனை வீதம் பேர் நள்ளிரவுக்குப் பிறகும் போன் பார்க்கிறார்கள் என்றால் அது அளவுக் கூற்று. ஒரு மாறியை ஒழுங்காக அளந்தால் போதும். போன் கூடப் பார்க்கிறவர்களுக்குப் புள்ளி குறைவாக இருக்கிறது என்றால் அது தொடர்புக் கூற்று. இரண்டு மாறிகளை அளக்க வேண்டும். போன் பார்ப்பதால் புள்ளி குறைகிறது என்றால் அது காரணக் கூற்று. அதற்கு அளப்பது மட்டும் காணாது. ஒரு மாறியை நீங்களே கையில் எடுத்து மாற்றிப் பார்க்க வேண்டும்: யாருக்குப் போன், யாருக்கு இல்லை என்பதை எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துவிட்டு, பிறகு புள்ளியைப் பார்க்க வேண்டும்.

“தாக்கம்”, “செல்வாக்கு”, “விளைவு”, “மேம்படுத்துகிறது” எல்லாம் காரணச் சொற்கள். நீங்கள் செய்தது வினாக்கொத்து. அதை வைத்துக்கொண்டு, போனால்தான் புள்ளி குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? புள்ளி குறைந்த பிள்ளை படிப்பில் மனம் வெறுத்துப் போனைத் தூக்கியிருக்கலாம். வீட்டில் பார்க்க ஆளில்லாத பிள்ளைக்குப் போனும் கூடி, புள்ளியும் குறைந்திருக்கலாம்.

இதை நான் பெரிய அறிவாளி மாதிரிச் சொல்லவில்லை. என் சொந்த ஆய்வேட்டின் தலைப்பிலும் “தாக்கம்” இருந்தது. வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர் மிக அமைதியாகக் கேட்டார்: “பிள்ளை, இதில் தாக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” நானும் நல்ல பிள்ளையாக நாலாம் அத்தியாயத்தைப் புரட்டி, மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் இணைபு அட்டவணையைக் காட்டினேன். “இது தொடர்பு. நான் கேட்டது தாக்கம்” என்றார். ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். அங்கே சிபாரிசுகள்தான் இருந்தன. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த ஆய்வேட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைப்பில் உள்ள இந்தச் சொல்லைத்தான் பார்க்கிறேன்.

120 பேரின் தரவும் வீண் இல்லை. “தொடர்பு” என்று மாற்றுங்கள்.

நெல்லியடி, மாணவன்: சாரா மாறி, சார்ந்த மாறி என்று எல்லா ஆய்விலும் எழுதத்தானே வேண்டும்? என் ஆய்வில் பால் ஒரு சாரா மாறி. ஆனால் நான் போனது பெண்கள் பாடசாலைக்கு மட்டும்.

சாரா மாறி என்றால் காரணமாக எடுத்துக்கொள்வது, சார்ந்த மாறி என்றால் அதைப் பொறுத்து மாறுவதாக நினைப்பது. எல்லோரும் பெண் பிள்ளைகள் என்றால் உங்கள் ஆய்வில் பால் மாறவே இல்லை. மாறாதது மாறி அல்ல, மாறிலி. அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

மற்றது, கையாண்ட மாறியையும் அளந்த மாறியையும் பிரித்துப் பாருங்கள். பால், வயது, குடும்ப வருமானம் எதையும் உங்களால் மாற்றிவிட முடியாது, அளக்கத்தான் முடியும். அவற்றைச் சாரா மாறி என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. எழுதினால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. அந்தப் பெயர் வந்ததும் காரணமும் கூடவே வந்துவிட்டதாக நினைப்பதுதான் பிழை.

கரவெட்டி, உளவளத்துணையாளர்: மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பாவிக்கும் வினாக்கொத்து ஒன்றின் தமிழ் வடிவம் கிடைத்திருக்கிறது. தமிழில் இருக்கிறதுதானே, அப்படியே எங்கள் சனத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க முதல் ஒரு கதை.

மனச்சோர்வை அளக்கும் பீ.எச்.கியூ-9 என்ற வினாக்கொத்து 2001இல் வந்தது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழமையான கணக்கு. அதே போன்ற ஒரு வினாக்கொத்தை, தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வடமராட்சியில் ஓர் அம்மம்மாவிடம் போனோம். “யோசிக்க முடியாமல் சிரமப்படுகிறீர்களா?” என்று ஒரு கேள்வி. மனதை ஒருமுகப்படுத்துவது கஷ்டமாக இருக்கிறதா என்பது அதன் கருத்து. அம்மம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். “யோசிக்க முடியாமலோ? விடிய விடிய யோசிச்சுக்கொண்டுதானே பிள்ளை கிடக்கிறன்.” கூட வந்த பிள்ளை தாளில் 0 போட்டாள். கேள்வி முடியாமையைக் கேட்டது, அம்மம்மாவால் யோசிக்க முடிகிறது, ஆகவே 0.

சென்னையில் “நல்ல யோசனை” என்றால் நல்ல ஐடியா. எங்கள் ஊரில் “யோசனை” என்றால் கவலை. “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்று ஆறுதல் சொல்கிறோமே, அந்த யோசனை. நித்திரை கெட்டுக் கிடந்த மனிசிக்குத் தாளில் பூச்சியம். தமிழுக்குத் தமிழே இப்படி என்றால், ஆங்கிலத்திலிருந்து வந்ததைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இதுதான் எண்ணக்கரு ஏற்புடைமை: அளக்கிறேன் என்று சொல்வதைத்தான் அளக்கிறீர்களா? மொழிபெயர்த்ததை இன்னொருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது ஒரு வழி. அது நல்லது, ஆனால் அம்மம்மாவின் யோசனையை அது பிடிக்காது. உங்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேரை இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, “இது என்ன கேட்கிறது என்று உங்களுக்கு விளங்குது?” என்று கேளுங்கள். பிறகு, ஏற்கனவே மனநல கிளினிக்கில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே புள்ளி வந்தால் அந்த வினாக்கொத்து எதையோ அளக்கிறது, மனச்சோர்வை அல்ல.

இன்னும் ஆழமாகவும் போகலாம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வடக்கில் ஏற்பட்டதைத் தனித்தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் சமூகமும் சேர்ந்து பட்ட கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து அதை அளந்துவிட முடியுமா? இதுவும் எண்ணக்கரு ஏற்புடைமைக் கேள்விதான். பல ஆய்வேடுகள் இதன் பக்கமே போவதில்லை.

மானிப்பாய், ஆசிரியர்: குரோன்பாக் அல்பா 0.91 வந்தது. வினாக்கொத்து ஏற்புடையது என்று எழுதலாமா, ரீச்சர்?

எழுத வேண்டாம், சேர். அல்பா சொல்வது நம்பகம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். “எனக்குச் சோறு பிடிக்கும்”, “சோறு எனக்கு விருப்பம்”, “சோறு கண்டால் சந்தோசம்” என்று பத்துக் கேள்வி போட்டால் அல்பா பிய்த்துக்கொண்டு போகும். அதற்கு மேலே “தலைமைத்துவப் பண்பு அளவுகோல்” என்று தலைப்புப் போட்டாலும் அல்பா இறங்காது. குரோன்பாக் அந்த அல்பாவை 1951இல் எழுதினார். அதே குரோன்பாக் 1955இல் மீல் என்பவருடன் சேர்ந்து எண்ணக்கரு ஏற்புடைமை பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அல்பாவே போதும் என்றால் மனிதர் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்?

திருநெல்வேலி, மாணவி: 400 பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே ரியூட்டரி. வாட்சப்பில் கூகிள் படிவம் அனுப்பினேன். 400 போதும்தானே?

400 பேரை எழுமாற்றாக எடுத்திருந்தால் வீதக் கணக்கில் கூடக்குறைய 5 வீதத்துக்குள் நிற்கலாம். எழுமாற்றாக எடுக்காவிட்டால் 4000 பேர் எடுத்தாலும் அந்தக் கணக்குப் பொருந்தாது. உங்கள் மாதிரியில் ரியூட்டரிக்குக் காசு கட்டக்கூடிய, கையில் போன் உள்ள, படிவத்தை நிரப்ப மனம் வந்த பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். நெடுந்தீவிலிருந்து ரியூசனுக்கு வருவதென்றால் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ். அந்தப் பிள்ளை உங்கள் 400இல் இருக்கிறதா? இல்லையென்றால் “யாழ்ப்பாண மாவட்ட மாணவர்களில் இத்தனை வீதம்” என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. இது புற ஏற்புடைமை. அளவுக் கூற்றில் இதுதான் உயிர்.

ஆனால் ஒன்று. பரிசோதனை செய்து காரணக் கூற்றுச் சொல்ல வருகிறவருக்கு இதே கேள்வியை முதல் கேள்வியாகப் போட்டு மடக்கத் தேவையில்லை. அவரிடம் முதலில் அக ஏற்புடைமையைக் கேளுங்கள்: வேறு விளக்கம் எதுவும் நுழைய முடியாதபடி வாசலை அடைத்தாரா?

சுன்னாகம், ஒரு தாய்: நான் ஆய்வு ஒன்றும் செய்யவில்லை. சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் கணிதத்திலும் கெட்டிக்காரர் என்று வாசித்தேன். மகனை வயலின் வகுப்பில் விடவோ?

உங்களுடைய கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, அம்மா.

நல்லூர்த் திருவிழா 25 நாள். கச்சான் கூட விற்கிற நாட்களில்தான் “பிள்ளையைக் காணவில்லை, நீலச் சட்டை போட்டிருக்கிறார்” என்ற ஒலிபெருக்கி அறிவிப்பும் கூடக் கேட்கும். தேரன்று இரண்டும் உச்சம். கச்சான் வாங்கினால் பிள்ளை தொலையும் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சனக்கூட்டம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சங்கீதம், கணிதம் என்று வந்தால் அந்த மூன்றாவது ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயலின் வாங்கி வகுப்புக்குக் காசு கட்டும் வீட்டில் புத்தகமும் இருக்கும், ரியூசனும் இருக்கும், பக்கத்தில் இருந்து பார்க்கப் பெரியவர்களும் இருப்பார்கள்.

உண்மையில் பிரித்துப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவில் ஷெலன்பேர்க் என்பவர் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை எழுமாற்றாக நாலு கூட்டமாகப் பிரித்தார்: விசைப்பலகை, வாய்ப்பாட்டு, நாடகம், ஒன்றும் இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு நுண்ணறிவுச் சோதனையில் எல்லாக் கூட்டங்களின் புள்ளியும் கூடியிருந்தது. சங்கீதக் கூட்டங்கள் மற்றவர்களை விட மூன்று புள்ளி அளவில்தான் கூட. இது 2004. இன்னும் சின்னப் பிள்ளைகளோடு சில கிழமை வகுப்பு நடத்தி 2013இல் வெளியான வேறொரு குழுவின் பரிசோதனைகளில் அப்படி உறுதியான நன்மை எதுவும் வரவில்லை. மகனுக்கு வயலின் விருப்பம் என்றால் விடுங்கள். கணிதத்துக்காக என்றால் கணித வகுப்பு மலிவு.

கிளிநொச்சியிலிருந்து யாழ் வந்து படிக்கும் மாணவன்: அப்படியென்றால் போரைப் பற்றி நாங்கள் ஒரு காரணமும் சொல்லக்கூடாதா? இடம்பெயர்வை எழுமாற்றாகக் கொடுக்க முடியாதே.

முடியாது, முடியவும் கூடாது, தம்பி. இழப்பை யாருக்கும் பரிசோதனையாகக் கொடுக்க முடியாது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. காரணக் கூற்றுக்கு மூன்று வேண்டும்: இரண்டும் சேர்ந்து மாற வேண்டும், காரணம் முந்தி வர வேண்டும், வேறு விளக்கம் அடைபட வேண்டும். முதல் இரண்டையும் நீங்கள் பெறலாம். ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து போய்ப் பார்த்தால் எது முந்தி எது பிந்தி என்பது தெரியும். எத்தனை முறை இடம்பெயர்ந்தார்கள் என்பதோடு துன்பமும் படிப்படியாகக் கூடுகிறதா என்று பார்க்கலாம். மூன்றாவதில்தான் இடறும். அங்கே நேர்மையாக எழுதுங்கள்: வறுமையும் கூடவே இருந்தது, அதைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை என்று. புகைத்தலும் நுரையீரல் புற்றுநோயும் இப்படித்தான், மனிதர்களுக்கு எழுமாற்றாகச் சிகரெட் கொடுக்காமலே, பல பக்கத்துச் சான்றுகளைச் சேர்த்து நிறுவப்பட்டது.

உரும்பிராய்: பி பெறுமானம் 0.06. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05க்குக் கீழே வருமா?

வரலாம். அதனால்தான் சேர்க்கக்கூடாது. பி பெறுமானம் என்பது, உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு. அது 0.05க்குக் கீழே வந்தால் முடிவு பொருண்மையானது என்பது வழமை. உளவியல் சஞ்சிகைகளில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015இல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே பொருண்மையானவை. திரும்பச் செய்தபோது 36 வீதம்தான் அப்படி வந்தது. விரும்பிய எண் வரும்வரை தட்டிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். 0.06 என்றே எழுதுங்கள்.

கோண்டாவில் மாணவி மறுபடியும்: அக்கா, மாற்றிவிட்டேன். “தரம் 11 மாணவர்களின் கைபேசிப் பாவனை நேரத்துக்கும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளுக்கும் இடையிலான தொடர்பு.” சரியோ?

அந்தச் சொல் இப்போது சரி. 120 பேரையும் எந்தப் பாடசாலைகளில் எடுத்தீர்கள் என்பதையும் சேருங்கள்.

இனி “பாவனை நேரம்”. வினாக்கொத்தில் “நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்டிருப்பீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் ஒரு மணித்தியாலம், நண்பன் பக்கத்தில் இருந்தால் ஐந்து. போனின் அமைப்புகளுக்குள் போனால் திரை நேரத்தை அதுவே கணக்கு வைத்திருக்கும். இருபது பேரிடமாவது அதைக் கேட்டு வாங்கி, அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் போன் யாருடையது என்று முதலில் கேளுங்கள். அப்பாவின் போன் என்றால் அப்பா பார்த்த கிரிக்கெட்டும் பிள்ளையின் கணக்கில் ஏறிவிடும்.