பணி நிறைவுக்கு முன் சில பதில்கள்

தருமபுரிக்கு அருகில் உள்ள சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தொடக்க நாள் முதல் முதல்வராக இருந்த நான், இம்மாத இறுதியில் பணி நிறைவு பெறுகிறேன். பெற்றோரும் முன்னாள் மாணவரும் அனுப்பியுள்ள கேள்விகளுள் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

பாலக்கோடு, முன்னாள் மாணவி: ஐயா, ஓட்டுக் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி இவ்வளவு வளர்ந்தது எப்படி?

கட்டடத்தால் அன்று, அம்மா, பேருந்தால் வளர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காட்டோடு தமிழகத்தின் கடைசி இடத்தில் நின்ற மாவட்டம் நம்முடையது. விடுதியில் பெண்ணை விடச் சம்மதிக்காத தந்தையர், வீட்டுக்கு அருகில் ஏறி மாலையில் அங்கேயே இறங்கலாம் என்றவுடன் சம்மதித்தார்கள். பென்னாகரம் வழித்தடத்தில் பேருந்து விட்ட ஆண்டுதான் முதன்முறையாக மாணவியர் எண்ணிக்கை மாணவரை முந்தியது.

சுயநிதி என்றால் அரசு மானியம் இல்லை. சுண்ணக்கட்டி முதல் சம்பளம் வரை எல்லாம் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். எங்கள் எழுத்தர் கட்டணப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் "மாங்காய் முடிந்ததும்", "தக்காளிக்குப் பின்" என்று தவணைக் காலத்தைக் குறித்து வைத்திருப்பார். பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை விழுந்த ஆண்டுகளில் இரண்டாம் பருவக் கட்டணம் வராது. ஆசிரியர் சம்பளமும் தள்ளிப்போகும். எங்கள் வளர்ச்சியின் கணக்கு அந்தப் பென்சில் எழுத்தில்தான் இருக்கிறது.

காரிமங்கலம், ஒரு தந்தை: உங்கள் கல்லூரி எப்போது பல்கலைக்கழகம் ஆகும்?

மாணவர் எண்ணிக்கை பெருகுவதால் ஒரு கல்லூரி பல்கலைக்கழகம் ஆகிவிடாது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு இணையானது, என்ற அறிவிப்புப் பெற்ற நிறுவனமும், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்கலாம். தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டம் வகுக்கலாம், தேர்வு நடத்தலாம். பட்டத்தை இணைப்பு வழங்கிய பல்கலைக்கழகமே தரும். எங்கள் மாணவர் பெறும் பட்டத்தில் 1997இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் இருக்கும். நுழைவாயில் வளைவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவார் என்று கேளுங்கள்.

ஓசூர், மாணவர்: நிகர்நிலை நிறுவனம் தன்னைப் பல்கலைக்கழகம் என்று அழைத்துக்கொள்ளலாமா?

வெறுமனே அப்படி அழைத்துக்கொள்ள இயலாது. உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பின், பெயரோடு நிகர்நிலை என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

ஊத்தங்கரை, ஒரு தாய்: சேர்க்கையின்போது மகளின் அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சரிபார்க்கக் காட்டுங்கள், அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் கேட்கிறார்கள்.

பர்கூர், மாணவர்: பொறியியல் கலந்தாய்வில் எந்தப் பிரிவை எடுக்கலாம்?

என் துறை அன்று. கலந்தாய்வு உதவி மையத்தில் கேளுங்கள். அங்கும் அசல் சான்றிதழை விட்டு வராதீர்கள்.

கிருஷ்ணகிரி, முன்னாள் மாணவர்: ஐயா, அடுத்த ஆண்டாவது பல்கலைக்கழகம் ஆகுமா?

மீண்டும் இதே கேள்வி வருகிறது. காரிமங்கலம் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

அரூர், முன்னாள் விரிவுரையாளர்: பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை நன்றாக இருக்கிறது, ஐயா. நான் தங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது என் முதுகலைச் சான்றிதழை அலுவலகத்தில் வாங்கி வைத்தார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அதைத் திரும்பப் பெற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

உண்மை. ஆண்டின் நடுவில் ஆசிரியர் விலகினால் பாடம் நின்றுவிடும் என்ற அச்சத்தில் நிர்வாகம் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது. கோப்பில் ஒப்பமிட்டவன் நான். ஆசிரியர் ஏன் விலகுகிறார் என்று கேட்டிருந்தால் சம்பளத்தைத்தான் பேசியிருக்க வேண்டும். சான்றிதழைப் பூட்டி வைப்பது எங்களுக்குச் செலவில்லாத வழியாக இருந்தது.

தருமபுரி, ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரிப் பேராசிரியர்: இதைத்தான் நான் தொடக்கம் முதல் சொல்லி வருகிறேன். சுயநிதி என்பது வணிகத்துக்கு வைத்த பெயர். மாடி உயர்ந்தது, ஊதியம் உயரவில்லை.

முதல் பாதியை ஏற்க மாட்டேன், பேராசிரியரே. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பெண்களுக்கு அன்று வேறு வாசல் இல்லை. எங்களிடம் படித்தவர்களுள் சிலர் இன்று தாங்கள் பாடம் எடுத்த அரசுக் கல்லூரியிலேயே பணியாற்றுகிறார்கள். இரண்டாம் பாதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மானியக் குழு நிர்ணயித்த ஊதியத்தை நாங்கள் எந்த ஆண்டிலும் வழங்கியதில்லை. அறிவியல் வளாகத்துக்கு வங்கிக் கடன் வாங்கிய ஆண்டில் ஊதிய உயர்வா, கடன் தவணையா என்ற கேள்வி எழுந்தது. ஆய்வுக்கு வரும் குழு வளாகத்தைப் பார்க்கும், சம்பளப் பட்டியலை அவ்வளவு கவனிக்காது என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன்.

சூளகிரி, ஒரு பெற்றோர்: பல்கலைக்கழகம் ஆகும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே?

ஆகவில்லை.

அரூர், முன்னாள் விரிவுரையாளர்: ஐயா, ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இப்போதும் அந்த அலமாரியில் சான்றிதழ்கள் இருக்கின்றனவா?

இக்கேள்வியைப் படித்ததும் நேற்று மாலை திறந்து பார்த்தேன். பழுப்பு உறைகள் பதினொன்று இருந்தன. இரண்டின் உரியவர்கள் பணியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எழுத்தரிடம் முகவரிகளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு விரைவு அஞ்சலில் வந்து சேரும். அருகில் இருப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் நேரில் வரலாம். விண்ணப்பமும் வேண்டாம், நிலுவையில்லாச் சான்றும் வேண்டாம்.