குன்னூரிலிருந்து லெஸ்டர் போன தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரிதான் படித்தேன். லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம், கணவருக்கு வேலை, உங்களுக்கு டிபெண்டன்ட் விசா. ஊரில் இருந்தபோது வார இதழ்களில் ஏழெட்டுக் கதை, கட்டுரை வந்திருக்கின்றன. இனி ஆங்கிலத்தில் எழுதிச் சம்பாதிக்க முடியுமா, எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போது லீவில் கோத்தகிரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வாசலில் புல்மேல் உறைபனி கிடக்கிறது, வெயில் ஏறும்வரை எங்கும் போக முடியாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் அந்தப் பணத்தை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

விசாவைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. டிபெண்டன்ட் விசாவில் சுயதொழில் செய்யலாம், ஃப்ரீலான்ஸ் எழுத்தும் அதில் அடங்கும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அது கூடாது. பகுதிநேர வேலைக்குத்தான் அனுமதி இருக்கிறதே, ஒரு கட்டுரை எழுதினால் என்ன என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. உங்கள் தோழிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நாம் பழகிய முறை உங்களுக்குத் தெரியும். முழுக் கட்டுரையையும் எழுதி, ‘சொந்தக் கற்பனையே, வேறு எங்கும் அனுப்பவில்லை’ என்று உறுதிமொழிக் கடிதம் வைத்து, தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையோடு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். அங்கே கட்டுரைகளுக்கு வேறு வழக்கம். முதலில் யோசனையை மட்டும் அனுப்ப வேண்டும், அதற்குப் பெயர் பிட்ச். என்ன எழுதப் போகிறேன், ஏன் இப்போது, ஏன் நான், எத்தனை சொல், படம் உண்டா என்று ஒரு பத்தி, மிஞ்சினால் இரண்டு. அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று கண்டுபிடித்து அவர் பெயருக்கே அனுப்புங்கள். சிறுகதை மட்டும் அங்கேயும் முழுசாகத்தான் போகும்.

பிட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தது நம் மலை ரயில்தான். 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டிக்கு நீண்டது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று அழகாக எழுதி ஐந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். நான்கு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது ஒரு ரயில் பத்திரிகை. ‘இவ்வளவும் எங்கள் வாசகர்களுக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது?’ என்று கேட்டு ஒரு வரி வந்தது. அது நியாயமான கேள்வி. பிரிட்டனில் காசு கொடுத்து ரயில் பத்திரிகை வாங்குகிறவருக்கு, நம் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை என்பது வரை மனப்பாடம்.

அன்று ராத்திரி என் மாமாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவர் அந்த ரயிலில் பிரேக்ஸ்மேன். கல்லாறு தாண்டினால் ஏற்றத்துக்காகப் பல் வைத்த தண்டவாளம், மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்கு ஒருவராக முன்மேடையில் கொடியோடு பிரேக்ஸ்மேன் நிற்பார். மலை இறங்கும்போது எந்த வளைவில் எவ்வளவு பிரேக் பிடிப்பது என்று காதுதான் சொல்லும் என்பார் மாமா. வலது உள்ளங்கையில் விரல்களுக்கு அடியில் நான்கு காய்ப்பு. மழைக்காலத்தில் அவை வெடிக்கும், அத்தை விளக்கெண்ணெய் தடவிவிடுவார். இதை எட்டு வரியில் எழுதி அதே ஆசிரியருக்கு அனுப்பினேன். 1,200 சொல் கேட்டார். படங்கள் அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தன.

பெரிய நாளிதழ்களின் பயணப் பக்கத்தில்தான் எல்லோரும் போய் முட்டுகிறார்கள். நீங்கள் துறைப் பத்திரிகைகளைப் பாருங்கள். தோட்டக்கலை, தையல், தேயிலை வியாபாரம், மலைநடை, ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே தனிப் பத்திரிகை இருக்கிறது. நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, துணியின் இரண்டு பக்கத்தையும் மேல்பக்கமாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு நேர்த்தியான தையல். தையல் இதழ் வாசிக்கிறவர் அதை ரசித்துப் படிப்பார். காலக்கெடுவும் முக்கியம். மாத இதழ்கள் நான்கைந்து மாதம் முன்னாலேயே பக்கங்களை முடிவு செய்துவிடும். ஊட்டி மலர்க் கண்காட்சி மே மாதம் என்றால் ஏப்ரலில் பிட்ச் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, நவம்பரிலேயே போக வேண்டும்.

முகவரிகளுக்கு ‘ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்’ என்று வருஷாவருஷம் ஒரு தடித்த புத்தகம் வருகிறது. வாங்க வேண்டாம், நூலகத்தில் இருக்கும். நூலக அட்டை இலவசம். பல நூலகங்களில் அந்த அட்டையை வைத்தே லிப்பி, பிரஸ்ரீடர் என்ற செயலிகளில் பத்திரிகைகளைச் சும்மா படிக்கலாம். பிட்ச் அனுப்புமுன் அந்த இதழின் மூன்று பழைய பிரதிகளையாவது விளம்பரங்கள் உட்பட முழுசாகப் படியுங்கள். யார் வாங்குகிறார்கள் என்று விளம்பரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தேயிலை இதழில் பக்கத்துக்குப் பக்கம் டிரையர் இயந்திர விளம்பரம் பார்த்தேன். படிப்பவர்கள் ஃபேக்டரிக்காரர்கள் என்று புரிந்து, தேநீர் பற்றி எழுதி வைத்திருந்த கவித்துவமான முதல் பத்தியை அடித்துவிட்டேன்.

இனிப் பணம். மாதிரிக்கு என்று இலவசமாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு இணையதளம் என்னிடம் ‘சோதனைக் கட்டுரை’ என்று மூன்று வாங்கியது. பிறகு பதில் இல்லை, கட்டுரைகள் மட்டும் வேறொரு பெயரில் வெளிவந்தன. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆசிரியர் ஒப்புக்கொண்டதும் தொகை எவ்வளவு, எப்போது தருவார்கள், எந்த உரிமையை வாங்குகிறார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். காப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது, முதல் வெளியீட்டு உரிமை போதும். பிறகு அதையே தமிழில் எழுத உங்களுக்கு வழி இருக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால், என்.யு.ஜே. என்ற பத்திரிகையாளர் சங்கம் ஃப்ரீலான்ஸ் கட்டண வழிகாட்டி வைத்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பணம் தாமதமானால் 1998ஆம் வருஷச் சட்டம் ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டிக்கு மேல் 8 சதவீதமும், ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்த பாக்கியானால் கூடுதலாக 40 பவுண்டும் கேட்கலாம். நான் ஒரே ஒருமுறை நினைவூட்டல் கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதினேன், அந்த வாரமே பணம் வந்தது. அப்புறம், ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை எழுத்து வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் அந்த வரி ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையில் பதிய வேண்டும். இரண்டு மூன்று கட்டுரை வந்ததும் ஏ.எல்.சி.எஸ். என்ற எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் உள்ள இதழில் வந்த கட்டுரைகளைப் பதிந்து வைத்தால், கட்டுரைகளை நகலெடுப்பவர்கள் கட்டும் உரிமத் தொகையில் உங்கள் பங்கை மார்ச் மாதம் தருவார்கள்.

அங்கே நடக்கும் தமிழ் இதழ்களையும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை சன்மானம் அபூர்வம். ஆசைக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்பா முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் ஃபெர்மெண்டிங் ஆகும் இலையை அள்ளி மோந்து பார்த்துத்தான் டிரையருக்கு அனுப்பச் சொல்வார் என்று. உங்கள் முதல் பிட்ச் அதுதான். அப்பாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். இலை பதத்துக்கு வந்ததும் என்ன வாசனை வரும், ஒரு நிமிஷம் பிந்தினால் அது எப்படி மாறும் என்று அவர் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வரியில் எழுதி அனுப்பினால், லீவு முடிந்து நான் கிளம்புவதற்குள் படித்துச் சொல்லிவிடுகிறேன்.